அருகிலுள்ள ஆதாரம் எது?

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் மக்காச்சோளம் பயிரிடும் ஓர் உழவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய வயலில் வரிசைக்கு வரிசை 75 செ.மீ. இடைவெளி. விதைத்துச் சில வாரங்கள் சென்றபின், களையெடுக்கும் கருவியைப் பூட்டிக்கொண்டு டிராக்டர் அதே வயலுக்குள் மீண்டும் நுழைகிறது. கருவியின் கொழுக்கள் வரிசைகளுக்கு நடுவே செல்ல வேண்டும். ஒரு சாண் விலகினாலும் களைக்குப் பதிலாகப் பயிர் அறுபட்டுவிடும். இந்த டிராக்டரின் திசையைத் திருத்திக்கொண்டே இருப்பது மனிதக் கை அன்று. செயற்கைக் கோள்களின் உதவியால் இடத்தை அறியும் ஒரு கருவி.

நம் கைப்பேசிகளிலும் இத்தகைய கருவி இருக்கிறது. ஆனால் திறந்த வெளியிலும் அதன் பிழை சில மீட்டர்கள் ஆகும். சில மீட்டர்கள் என்றால் நாலைந்து சோள வரிசைகள்! அந்த மீட்டர்களைச் சென்டிமீட்டர்களாகக் குறைப்பது எப்படி? அதற்குத் துணை நிற்கும் நிலையங்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது? அத்தேர்வைக் கருவி தானாகவே செய்யும்படி அமைப்பது எப்படி? இவற்றைப் பார்ப்போம்.

பிழை எங்கிருந்து வருகிறது?

ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் அணுக் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு, ‘இன்ன நேரத்தில் இதை அனுப்பினேன்’ என்னும் செய்தியை ரேடியோ அலையாகப் பரப்புகிறது. அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நேரக் கணக்கில் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினாலும் தூரத்தில் 30 செ.மீ. தவறிவிடும் என்பதை நினைவில் கொள்க.

கோளின் கடிகாரத்தில் சிறு தவறு இருக்கலாம். கோள் இருப்பதாகச் சொல்லும் இடத்துக்கும் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் ஒன்றிரண்டு மீட்டர் வேறுபாடு இருக்கலாம். வழியில் குறுக்கிடும் அயனி மண்டலமும், அதற்குக் கீழுள்ள ஈரமான காற்றும் அலையைத் தாமதப்படுத்துகின்றன. இவை அனைத்தும் கூடித்தான் மீட்டர்க் கணக்கில் பிழை விளைவிக்கின்றன.

கடைத் தராசும் படிக்கல்லும்

ஒரு கடையிலுள்ள தராசு சரியாக இருக்கிறதா என்று ஐயம் எழுகிறது. சரியாக ஒரு கிலோ என்று தெரிந்த படிக்கல்லை அதில் வைக்கிறோம். தராசு 1,050 கிராம் காட்டுகிறது. உடனே, இத்தராசு 50 கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று அறிந்து, காய்கறியின் எடையிலிருந்து அதைக் கழித்துக்கொள்கிறோம். தராசைப் பிரித்துப் பழுது எங்கே என்று தேடவேண்டிய தேவையே இல்லை.

ஆதார நிலையம் இத்தகைய படிக்கல்தான். மிகத் துல்லியமாக அளந்து வைத்த ஓர் இடத்தில், அசையாமல் ஓர் ஏற்பி நிறுத்தப்படுகிறது. தான் கோள்களிடமிருந்து அளந்தவற்றையும் தன் உண்மையான இடத்தையும் அது இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கும். டிராக்டரில் உள்ள நடமாடும் ஏற்பியும் அதே கோள்களை, அதே நேரத்தில் அளக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது, இருவருக்கும் பொதுவான பிழை நீங்கிவிடுகிறது.

இதோடு இன்னொரு நுட்பமும் சேர்கிறது. செய்தியைச் சுமந்துவரும் ஊர்தி அலையின் அலைநீளம் ஏறத்தாழ 19 செ.மீ. மட்டுமே. அதன் ஒரு சிறு பின்னத்தைக்கூட ஏற்பியால் அளக்க இயலும். ஆனால் அது எண் எழுதாத அளவுகோலைப் போன்றது. கடைசி அலையில் எந்தப் புள்ளியில் நிற்கிறோம் என்று தெரியும். இடையே முழு அலைகள் எத்தனை என்று தெரியாது. அந்த முழு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் சென்டிமீட்டர்த் துல்லியம் கைகூடும். பொதுப்பிழைகள் நன்கு நீங்கியிருந்தால்தான் அந்த எண்ணை ஐயமின்றிக் காண முடியும். இம்முறையை ஆர்.டி.கே. என்று அழைக்கிறார்கள்.

அருகில் இருப்பது ஏன் முக்கியம்?

கோளின் கடிகாரப் பிழை எங்கிருந்து அளந்தாலும் ஒன்றே. ஆகவே அது முழுமையாக நீங்கும். கோளின் இடப் பிழை அப்படியன்று. ஆதார நிலையத்திலிருந்தும் டிராக்டரிலிருந்தும் கோளைச் சற்றே வேறு கோணங்களில் பார்க்கிறோம் அல்லவா? ஒத்த முக்கோணங்களைக் கொண்டு கணக்கிட்டால், மிஞ்சும் பிழை ஏறத்தாழ இவ்வளவு இருக்கும்:

மிஞ்சும் பிழை = கோளின் இடப் பிழை × (நிலையத்தின் தூரம் ÷ கோளின் தூரம்)

இடப் பிழை 2 மீட்டர், நிலையம் 20 கி.மீ. தொலைவில் என்று கொள்வோம். கோளின் தூரம் 20,000 கி.மீ. எனில், மிஞ்சுவது 2 மி.மீ. மட்டுமே. நிலையம் 500 கி.மீ. தொலைவில் இருந்தாலோ 5 செ.மீ. மிஞ்சும்.

அயனி மண்டலம் இதைவிடத் தொல்லை தருவது. இவ்வூரில் பெய்யும் மழை பக்கத்துத் தெருவிலும் பெய்யும், நூறு கி.மீ. அப்பால் வெயில் அடிக்கலாம். அதுபோல, அருகருகே உள்ள இரு ஏற்பிகளுக்கு மேலே அயனி மண்டலம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். தொலைவு கூடக் கூட வேறுபடும். காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இவ்வேறுபாடு மிகுதி. தென்னிந்தியாவின் தென்கோடி அத்தகைய பகுதியே. 1963-ல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்கப்பட்டதற்கும் அதுவே காரணம்.

ஆர்.டி.கே. கருவிகளின் துல்லியத்தை ‘1 செ.மீ.; அதோடு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 மி.மீ.’ என்று குறிப்பது வழக்கம். 10 கி.மீ. தொலைவில் 2 செ.மீ.; 30 கி.மீ. தொலைவில் 4 செ.மீ. மேலும், தொலைவு கூடும்போது முழு எண்ணைக் கண்டுபிடிக்க நேரமும் கூடுகிறது. தவறான எண்ணைப் பற்றிக்கொள்ளும் அபாயமும் கூடுகிறது.

நிலையங்களின் பட்டியல்

ஆதார நிலையத்தின் அளவீடுகளை இணையத்தின் வழியே கொண்டுசேர்க்க ‘என்ட்ரிப்’ என்னும் முறை உள்ளது. ஜெர்மனியில் உருவான இம்முறை 2004-ல் தரமாக ஏற்கப்பட்டது. இதில் நடுவே ‘காஸ்டர்’ எனப்படும் ஒரு கணிப்பொறி இருக்கிறது. நிலையங்கள் தம் அளவீடுகளை அதற்கு அனுப்புகின்றன. டிராக்டர்கள் அதனிடமிருந்து பெறுகின்றன. எந்தெந்த நிலையங்கள் உள்ளன, அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எவை, எவ்வகைச் செய்தியை அனுப்புகின்றன என்னும் பட்டியலைக் கேட்டால் காஸ்டர் தரும்.

பிரான்சில் 2019-ல் தொடங்கிய ‘சென்டிபீட்’ என்னும் திட்டத்தில் உழவர்களும், ஆய்வு நிலையங்களும், பிறரும் தத்தம் கூரைகளில் ஆதார நிலையங்களை நிறுவி, அவற்றின் அளவீடுகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்கிறார்கள். பெயருக்குப் பூரான் என்று பொருள். இன்று நூற்றுக்கணக்கான கால்கள் அதற்கு! இத்தனை நிலையங்கள் இருக்கும்போது, ‘எனக்கு அருகில் எது?’ என்று ஒவ்வொரு நாளும் உழவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வயல்கள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தால் தொல்லை இன்னும் மிகும். எனவே தேர்வைக் கருவியிடம் விட்டுவிட வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இடத்தைத் துல்லியமாக அறிய அருகிலுள்ள நிலையம் வேண்டும். அருகிலுள்ள நிலையத்தை அறிய நம் இடம் தெரிய வேண்டுமே? கவலை வேண்டா. நிலையங்கள் கிலோமீட்டர்க் கணக்கில் விலகியிருப்பதால், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, சில மீட்டர் பிழையுள்ள சாதாரண அளவீடே போதும்.

தூரத்தைக் கணக்கிடுவோம்

டிராக்டர் வடக்கு 46.00 டிகிரி, மேற்கு 1.00 டிகிரியில் நிற்பதாகக் கொள்வோம். மூன்று நிலையங்களைக் கற்பனை செய்துகொள்வோம்.

அ: வடக்கு 46.20, மேற்கு 1.00
ஆ: வடக்கு 46.00, மேற்கு 0.75
இ: வடக்கு 46.12, மேற்கு 0.80

டிகிரிகளை மட்டும் பார்த்தால், அ 0.20 டிகிரி தள்ளி இருக்கிறது, ஆ 0.25 டிகிரி. இ-க்குப் பித்தாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் 0.23 டிகிரி. ஆகவே அ-தான் அருகில் என்று தோன்றும். இது தவறு.

அட்சரேகையில் ஒரு டிகிரி எங்கும் ஏறத்தாழ 111.2 கி.மீ. ஆனால் தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குகின்றன. அதனால் தீர்க்கரேகையின் ஒரு டிகிரியை அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். 46 டிகிரியின் கொசைன் 0.695. எனவே அங்கே தீர்க்கரேகையின் ஒரு டிகிரி 77.2 கி.மீ. மட்டுமே. இப்போது கணக்கிடுவோம்.

அ: 0.20 × 111.2 = 22.2 கி.மீ.
ஆ: 0.25 × 77.2 = 19.3 கி.மீ.
இ: வடக்கே 13.3 கி.மீ., கிழக்கே 15.4 கி.மீ.; நேர்த்தூரம் 20.4 கி.மீ.

வரிசை தலைகீழாக மாறிவிட்டதைப் பாருங்கள்! 13 டிகிரியில் உள்ள சென்னையில் கொசைன் 0.974. அங்கே இத்தவறு கண்ணில் படாமலே போய்விடும். ஓரிடத்தில் சரியாக ஓடும் நிரல் வேறிடத்தில் தவறுவது இப்படித்தான்.

இன்னொரு பொறியும் உண்டு. ஏற்பி தன் இடத்தைத் தெரிவிக்கும் ‘ஜி.ஜி.ஏ.’ என்னும் வாக்கியத்தில், 46 டிகிரி 12 நிமிடம் என்பது 4612.00 என்று எழுதப்படும். இதை 46.12 டிகிரி என்று படித்துவிடலாகாது. 12 நிமிடம் என்பது 0.20 டிகிரி ஆதலால், சரியான மதிப்பு 46.20. தவறாகப் படித்தால் டிராக்டர் ஏறத்தாழ 9 கி.மீ. தெற்கே இருப்பதாகக் கருவி நம்பும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி இட மறந்தாலோ, 150 கி.மீ.-க்கு மேல் தவறிவிடும்.

தாவிக்கொண்டே இருந்தால்?

இரு நிலையங்களுக்கு 20 கி.மீ. இடைவெளி, சரியாக நடுவே ஒரு வயல். டிராக்டர் வயலின் ஒரு முனைக்குச் செல்லும்போது முதல் நிலையம் அருகில். மறுமுனைக்குத் திரும்பும்போது இரண்டாவது அருகில். ‘எப்போதும் அருகிலுள்ளதையே கொள்’ என்று மட்டும் கட்டளையிட்டால், கருவி ஒவ்வொரு சாலிலும் நிலையத்தை மாற்றும். மாற்றும்போதெல்லாம் முழு அலைகளின் எண்ணிக்கையைப் புதிதாகக் கண்டறிய வேண்டும். இரு நிலையங்களின் இட அளவுகளுக்குள் 2 செ.மீ. வேறுபாடு இருந்தால், டிராக்டரும் நடு வயலில் 2 செ.மீ. துள்ளும்.

மின் இஸ்திரிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு வெப்பநிலையில் அது அணையும். அதைவிடக் குறைந்த வேறொரு வெப்பநிலையில்தான் மீண்டும் எரியும். இடைவெளி இல்லாவிடில் நொடிக்கு நொடி அணைந்து எரிந்துகொண்டிருக்கும். காந்தவியலில் படித்த ‘தயக்கம்’ என்னும் பண்பு இங்கும் உதவுகிறது. ‘புதிய நிலையம் இப்போதையதைவிட 2 கி.மீ.-யாவது அருகில் இருந்தால் மட்டும் மாறு’ என்று விதிப்போம். அப்போது பழைய நிலையத்திலிருந்து 11, புதியதிலிருந்து 9 கி.மீ. என்று ஆகும்வரை மாற்றம் நிகழாது. திரும்பி வரும்போது, இப்பக்கம் 9, அப்பக்கம் 11 என்று ஆக வேண்டும். நடுவே 2 கி.மீ. அகலத்துக்கு அமைதி நிலவும்.

கருவிக்கு இடும் கட்டளைகள்

1. காஸ்டரிடமிருந்து நிலையங்களின் பட்டியலைப் பெறு.
2. நம் ஏற்பிக்குப் புரியாத வகைச் செய்தி அனுப்பும் நிலையங்களை நீக்கு.
3. ஏற்பியின் சாதாரண இடத்தைப் படித்து, டிகிரியாக மாற்று.
4. ஒவ்வொரு நிலையத்தின் தூரத்தையும் கணக்கிட்டு, மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து இணை.
5. சில நொடிகள் தொடர்ந்து அளவீடு வராவிட்டால் அடுத்த நிலையத்துக்கு மாறு.
6. குறித்த இடைவெளியில் தூரங்களை மீண்டும் கணக்கிட்டு, தயக்க விதிப்படி மட்டும் மாறு.

இவற்றை டிராக்டரில் உள்ள கருவியே செய்யலாம். அல்லது அது ஜி.ஜி.ஏ. வாக்கியத்தைக் காஸ்டருக்கு அனுப்ப, காஸ்டரே தேர்ந்தெடுத்துத் தரலாம். இரண்டும் வழக்கில் உள்ளன.

அருகில் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. படிக்கல்லே தவறாக இருந்தால்? நிலையத்தின் இடத்தை அரை மீட்டர் தவறாகப் பதிந்திருந்தால், அதை நம்பும் ஒவ்வொரு டிராக்டரும் அதே அரை மீட்டர் தவறும். கருவியோ ‘சென்டிமீட்டர்த் துல்லியம்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். துல்லியம் வேறு, உண்மை வேறு. மேலும், அருகில் உள்ள நிலையம் உயர்ந்த மலைமேல் இருந்தால், அடிவாரத்தின் ஈரக்காற்று அதற்கு மேலே இராது. அப்போது சற்றுத் தொலைவில் உள்ள சமவெளி நிலையமே நன்று.

அடித்தளம் சரியாக இருக்க வேண்டும் என்பது நில அளவையின் பழைய பாடம். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே இந்தியப் பெரு முக்கோண அளவையைத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள முதல் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்க அவர் 57 நாட்கள் செலவிட்டார். அந்த ஒரு கோட்டில் நேரும் பிழை, அதன்மீது எழும் முக்கோணங்கள் எல்லாவற்றிலும் பரவிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அம்மரபில் வந்த இந்திய நில அளவைத் துறை இன்று நாட்டில் தொடர்ந்து இயங்கும் ஆதார நிலையங்களை நிறுவி வருகிறது.

செய்து பாருங்கள்

நார்வேயின் ஆஸ்லோ நகரம் ஏறத்தாழ 60 டிகிரி வடக்கில் உள்ளது. அந்த அட்சரேகையில் ஓர் ஏற்பி க என்னும் நிலையத்துடன் இணைந்திருக்கிறது. க அதற்கு நேர் வடக்கே 0.15 டிகிரி, ச நேர் கிழக்கே 0.28 டிகிரி. 60 டிகிரியின் கொசைன் 0.5. எது அருகில்? 2 கி.மீ. தயக்க விதிப்படி ஏற்பி நிலையத்தை மாற்றுமா?

விடை: க 16.7 கி.மீ.; ச 15.6 கி.மீ. அருகில் இருப்பது ச. ஆனால் வேறுபாடு 1.1 கி.மீ.-தான், ஆகவே ஏற்பி மாற்றாமல் க-விலேயே நிற்கும்.