பட்சிகளிடம் பாடம் கேட்டல்

நமது ஆண்டவர் மலைப் பிரசங்கத்தில் தம் சீஷருக்கு இட்ட கட்டளைகள் பல. பகைவரை நேசித்தல், அந்தரங்கத்தில் ஜெபித்தல், பிறரைக் குற்றவாளிகளென்று தீராதிருத்தல் முதலியவற்றை நாம் கட்டளைகளென்றே கொள்கிறோம். கைக்கொள்ள இயலாதபோது வருந்தவும் செய்கிறோம். ஆனால் அதே பிரசங்கத்தில் பட்சிகளை நோக்கும்படியும் காட்டுப் புஷ்பங்களை ஆராயும்படியும் அவர் சொன்னதைக் கட்டளையென்று எண்ணுவார் மிகச் சிலரே. அதனை அழகிய உவமையென்று பாராட்டிவிட்டு, ஜன்னலருகே கூவும் பறவை யாதென்று திரும்பியும் பாராமல் அடுத்த வசனத்துக்குச் சென்றுவிடுகிறோம். இதுவும் கீழ்ப்படியத்தக்க கட்டளையே என்பதும், கீழ்ப்படிவோர்க்கு அது கற்பிப்பது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

1. நோக்குதல் என்பதன் பொருள்

மத்தேயு 6-ஆம் அதிகாரம் 26-ஆம் வசனத்தில் பட்சிகளைக் குறித்து வரும் கிரேக்க வினைச்சொல் ‘எம்பிளெபோ’ என்பதாகும். அது வாளா காண்பதன்று; கண்ணை ஒன்றில் நிலைநிறுத்தி ஊன்றி நோக்குவது. தம்மிடம் ஓடிவந்த ஐசுவரியவானை ஆண்டவர் நோக்கி அவன்மேல் அன்புகொண்டதைக் கூறும் மாற்கு 10:21-லும், மறுதலித்த பேதுருவை அவர் திரும்பி நோக்கியதைக் கூறும் லூக்கா 22:61-லும் இச்சொல்லே நிற்கிறது. பேதுருவை மனங்கசந்து அழச்செய்த அந்த நோக்கு எத்தகையதோ அத்தகைய நோக்கை ஒரு காகத்துக்கும் குருவிக்கும் நாம் அளிக்கவேண்டுமென்று அவர் எதிர்பார்க்கிறார்.

நிற்க, 28-ஆம் வசனத்தில் புஷ்பங்களைக் குறித்து வரும் சொல் வேறு. அது ‘கட்டமந்தானோ’, முற்றக் கற்றல் என்பது அதன் பொருள். சீஷனைக் குறிக்கும் ‘மதேதேஸ்’ என்ற சொல்லும் அதே வேரினின்று முளைத்ததாகும். சீஷனென்பவன் கற்பவன். அவனுக்கு ஆண்டவர் வகுத்த பாடத்திட்டத்தில் வேதவாக்கியத்தோடு பட்சியும் புஷ்பமும் இடம்பெற்றிருத்தலை மாணவராகிய நாம் மறத்தலாகாது.

2. கம்பம் பள்ளத்தாக்கு என்னும் பாடசாலை

இப்பாடத்தைக் கற்கக் கம்பம் பள்ளத்தாக்கினும் வாய்ப்பான இடம் அரிது. தேவாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஊருக்கு மேற்கே கேரள எல்லையாகிய மலைத்தொடர் மதிலென நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அம்மலையின் மறுபுறம் பெற்றுக்கொள்ள, இப்புறத்துக்குக் காற்றே மிகுதியாய் வந்து சேருகிறது. ஆதலின் அடிவாரத்தில் முட்புதரும் மானாவாரி நிலமும் காணப்படும். பள்ளத்தாக்கின் நடுவிலோ, 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீரால் நெல்வயல் பசுமை கொள்கிறது. மலைமேல் ஏலத்தோட்டங்களும் சோலைக்காடுகளும் உள்ளன. சில மைல் தூரத்துக்குள் இங்ஙனம் மூவகை நிலம் அமைந்திருத்தலின், பட்சிகளும் நிலத்துக்கேற்ப வேறுபடுகின்றன. முட்காட்டில் கவுதாரியும் மயிலும் கொண்டலாத்தியும் திரியும். வயலில் கொக்கும் அரிவாள் மூக்கனும் இரை தேடும். பள்ளத்தாக்கின் கிழக்கேயுள்ள மேகமலைக் காட்டில் இருவாட்சி வாழும்.

இவற்றோடு காலந்தோறும் வந்துபோகும் விருந்தினரும் உண்டு. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுதலால் நம்மவர் ‘ஆறுமணிக்குருவி’ என்று அழைக்கும் பலவண்ணப் பறவை, வடநாட்டில் குஞ்சு பொரித்துப் பனிக்காலத்தில் தென்னாட்டுக்கு வருவது. இதற்கு நாட்காட்டி கொடுத்தவர் யார்? தன் காலத்தை அறிந்து வரும் பறவையை எரேமியா தீர்க்கதரிசி (8:7) தம் ஜனத்துக்கு எதிரே நிறுத்தி, பட்சிக்குள்ள அறிவு தேவனுடைய ஜனத்துக்கு இல்லாமற் போயிற்றேயென்று அங்கலாய்த்தார். பறவைகள் வருங்காலத்தையும் போகுங்காலத்தையும் அவர் அறிந்திருந்தமையாலன்றோ அவ்வாறு சொல்லக் கூடிற்று? பட்சிகளை அறியாதவனுக்கு அத்தீர்க்கதரிசனத்தின் கூர்மையும் முற்றும் விளங்காது.

3. பேர்பாங்க் ஐயர்

இக்கட்டளையைக் கருத்தாய்க் கைக்கொண்ட ஒருவரின் பெயர் நம் வடக்கேயுள்ள பழனி மலையோடு பிணைந்துள்ளது. அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பேகன் பேர்பாங்க் ஐயர் (1822–1898) மராட்டிய நாட்டில் ஊழியம் செய்தவர். அமெரிக்க மதுரை மிஷனார் 1845-இல் கோடைக்கானலில் இல்லங்கள் கட்டியபின், வெப்பத்தால் நலிந்த பல மிஷனெரிகள் அங்கு வந்து தங்குவது வழக்கமாயிற்று. மோட்டார் சாலை ஏற்படுமுன் பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து மலைப்பாதை வழியே கால்நடையாகவும் டோலியிலும் ஏறவேண்டும். அம்மலையில் பேர்பாங்க் ஐயர் ஓய்வை உறக்கத்தில் கழிக்கவில்லை. சோலைகளுட் புகுந்து பறவைகளை ஆராய்ந்தார். சாம்பல் நிற மார்பும், செம்பழுப்பு வயிறும், வெண்புருவமும் உடைய சிரிப்பான் பறவையொன்றை 1869-இல் பிளான்போர்டு என்னும் அறிஞர் விவரித்தபோது, அதற்கு இவர் பெயரையே இட்டார். இன்றும் அதன் விஞ்ஞானப் பெயரில் ‘பேர்பாங்கி’ என்ற சொல் நிலைத்துள்ளது. பழனி மலையில் தாம் சேகரித்தவையும் கண்டவையுமான பறவைகளின் பட்டியலொன்றை 1877-இல் ஹியூம் என்பாரின் பறவையியற் பத்திரிகையில் ஐயர் வெளியிட்டார்.

அக்காலத்துப் பறவை நூலார் துப்பாக்கியாற் சுட்டு மாதிரி சேர்த்தே இனங்களை உறுதிசெய்தனர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. தொலைநோக்கியும் நிழற்படமும் ஒலிப்பதிவும் கைவந்த நமக்கு அவ்வழி வேண்டா. அவரிடம் நாம் கற்கத்தக்கது பொறுமையே. ‘ஏதோ ஒரு குருவி’ என்று சொல்லி அமையாமல், இஃது எது, எங்கே வாழ்வது, எதை உண்பது என்று தனித்தனியே அவர் வினவினார். ஆதாம் உயிர்களுக்குப் பெயரிட்டதாகச் சொல்லும் ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தின் வேலை அவர் கையில் தொடர்ந்தது எனலாம்.

அவ்வேலை இன்னும் முடிந்தபாடில்லை. தென்னக மலையுச்சிகளில் வாழும் இச்சிரிப்பான்களும் நீலநிறச் சோலைக்கிளிகளும் உலகில் வேறெங்குமில்லாத தனிப் பேரினங்கள் என்பது 2017-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பின்னவற்றுக்கு இடப்பட்ட ‘சோலிகோலா’ என்னும் பேரினப் பெயரில் நம் ‘சோலை’ என்ற தமிழ்ச்சொல்லே ஒளிர்கிறது.

4. தேவன் ஊட்டுவது எவ்வாறு?

விதையாமலும் அறுவாமலும் களஞ்சியத்திற் சேர்க்காமலும் இருக்கும் பட்சிகளைப் பரமபிதா போஷிக்கிறார் என்பது ஆண்டவரின் உபதேசம். இதனைச் சோம்பலுக்குச் சாட்சியாய்க் கொள்வாருமுண்டு. இருவாட்சியை ஊன்றி நோக்குவோர் அங்ஙனம் சொல்லார். இனப்பெருக்கக் காலத்தில் பெண் இருவாட்சி உயர்ந்த முதுமரத்தின் பொந்தினுட் புகுந்து, வாயிலை அடைத்து, அலகு நுழையுமளவு பிளவொன்றையே விட்டுவைக்கும். மூன்று நான்கு மாத காலம் அதற்கும் பின்பு அதன் குஞ்சுக்கும் ஆண் பறவையே காடெல்லாம் அலைந்து, அத்தி முதலிய கனிகளைக் கொணர்ந்து ஊட்டும். அவ்வாண் பறவை மடியின் பொந்திலுள்ளவை பிழைத்தல் அரிது. ஆகவே தேவன் ஊட்டுகிறார். ஆனால் உழைக்கும் அலகு ஒன்றின் வாயிலாகவும், கனி தரும் மரம் ஒன்றின் வாயிலாகவும் ஊட்டுகிறார்.

அன்றியும், தான் விழுங்கிய கனிகளின் விதைகளை இருவாட்சி நெடுந்தூரம் சென்று உதிர்க்கிறது. விதைக்கவேண்டுமென்ற எண்ணம் அதற்கில்லை. எனினும் அது உண்ட இடத்துக்கு அப்பால் காடு முளைக்கிறது. வாயிலாய் அமைந்த மரத்தை வெட்டியபின், தேவன் போஷிப்பாரென்று அப்பறவைக்கு நாம் வசனம் சொல்லுதல் பரிகாசமாகும்.

5. கொசுறுக் குருவி

இனி, இப்பொருளின் கடினமான பகுதிக்கு வருவோம். மத்தேயு 10:29-இல் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் என்பது விலை. லூக்கா 12:6-இலோ இரண்டு காசுக்கு ஐந்து. கணக்கறிந்தோர் உடனே கவனிப்பர்: இரண்டு காசுக்கு நான்கே சேரும், ஐந்தாவது, நம் சந்தைகளில் கறிவேப்பிலை கொடுப்பதுபோல, விலையின்றிக் கொடுத்த கொசுறு. ஒரு காசும் பெறாத அந்தக் குருவியும் தேவனால் மறக்கப்படவில்லை என்பதே ஆண்டவர் சொன்னது.

ஆனால் குருவி விழாதென்று அவர் எங்கும் சொல்லவில்லை. விழுகிறது, பிதாவின் அறிவுக்குப் புறம்பே விழுவதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நம் நாடே அண்மைக் காலத்திற் கண்டது. ராஜஸ்தானத்துப் பரத்பூர் சரணாலயத்தில் 1980-களில் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, எண்ணி வைத்திருந்த விபு பிரகாஷ் என்னும் அறிஞர், 1990-களின் பிற்பகுதியில் மீண்டும் எண்ணியபோது அவை பெரிதும் குறைந்திருக்கக் கண்டு உலகுக்கு அறிவித்தார். கால்நடைகளுக்கு நோவு நீங்கக் கொடுத்த டைக்ளோபெனாக் என்னும் மருந்தே காரணமென்பது 2004-இல் வெளியான ஆராய்ச்சியால் துலங்கிற்று. அம்மருந்து உடலில் தங்கிய மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 100-க்கு 99-க்கும் மேலாக அழிந்துபோயின. 2006-இல் கால்நடைகளுக்கான அம்மருந்து தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் எஞ்சியவற்றுக்கு நீலகிரியடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கே முக்கியப் புகலிடம்.

கொடுத்த உழவனும் எழுதிய வைத்தியனும் தீங்கு நினைத்தாரல்லர். ஆயினும் கோடிக்கணக்கில் அவை வீழ்ந்தன. அவ்வீழ்ச்சியை வெளிப்படுத்தியது யாது? முன்னமே ஒருவர் பொறுமையாய் எண்ணி வைத்திருந்த கணக்கு. அருவருப்பென்று பலர் முகந்திருப்பும் பறவையை அவர் ஊன்றி நோக்கியிராவிடில், தடை வருமுன் அவ்வினமே அழிந்திருக்கக்கூடும். பிதா மறவாத ஒன்றை நாம் மறப்போமாயின், அவர் பிள்ளைகளென்று நம்மை அழைப்பது எப்படி?

6. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, தத்தம் ஊரில் ஒரே ஒரு பறவையைத் தெரிந்துகொண்டு ஓராண்டு முழுதும் அதனை நோக்குக. கூடு கட்டும் காலம், இரை, குரல் ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி வைக்க.

இரண்டாவது, ஊர் முதியோரிடமும் உழவரிடமும் பட்சிகளின் நாட்டுப் பெயர்களைக் கேட்டுக் குறிக்க. அப்பெயர்கள் அவர்களோடு மறைந்துவிடல் ஆகாது.

மூன்றாவது, பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் ஆர்வலர் பறவைகளை எண்ணுகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் அதிற் சேருக.

நான்காவது, கூட்டின் அருகே அடக்கம் காக்க. வழியிற் காணும் கூட்டில் தாயையும் குஞ்சுகளையும் சேரப் பிடியாமல் தாயை விட்டுவிட வேண்டுமென்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் விதித்தது, பசித்தவனுக்கும் எல்லையுண்டு என்பதைக் காட்டவே. பசியில்லாத நமக்கு அவ்வெல்லை இன்னும் அணித்தாதல் வேண்டும்.

இவற்றைச் செய்வோர் ஆலயத்தில் தேவனைப் போஷிக்கிறவரென்று துதிக்கும்போது, இன்ன மரத்தில் இன்ன பறவையை அவர் போஷித்ததைக் கண்டறிந்த சாட்சிகளாய்த் துதிப்பர். அம்மரமும் அப்பறவையும் அடுத்த ஆண்டும் அங்கு நிலைத்திருக்கத் தம்மாலானதைச் செய்ய அத்துதியே அவர்களைத் தூண்டும். ஆதலின், மாணவ நண்பர்காள், ஆண்டவர் குறித்த இப்பாடத்தையும் மற்றப் பாடங்களைப் போலவே கருத்தாய்க் கற்கத் தொடங்குவோமாக.