அறுவைக்குப் பிறகும் எண் ஏறினால்: மனைவிமாருக்குச் சில அறிவுரைகள்

புற்று வந்த புரொஸ்ரேற் சுரப்பியை எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று வீடு ஆறியிருக்கும் நேரத்தில், "பி.எஸ்.ஏ. இன்னும் இருக்கு" என்று முடிவு வரும். என் கணவரோடு அந்த வழியால் நடந்தவள் நான். சாவகச்சேரியிலும் அயலூர்களிலும் இன்று அந்த ரிப்போட்டோடு இருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன்.

1. எண்ணை விளங்கிக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஏ. என்பது புரொஸ்ரேற் கலங்கள் இரத்தத்தில் விடும் ஒரு புரதம்; அதன் அளவுதான் அந்த எண். சத்திரசிகிச்சை முடிந்து ஆறு, எட்டுக் கிழமைகளில் பி.எஸ்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கவேண்டும். பிறகு 0.2ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால்தான் நோய் திரும்புகிறது என்று வைத்தியர்கள் கொள்வார்கள். ஒரு தாளை மட்டும் வைத்து அழவேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வுகூடத்தில் செய்வியுங்கள்.

2. வெட்டிய விளிம்பில் புற்றுக்கலங்கள் இருந்தன என்று எழுதியிருந்தாலும் கலங்காதீர்கள். அப்படி எழுதப்பட்ட எல்லோருக்கும் நோய் திரும்புவதில்லை.

3. காலம் இருக்கிறது, ஆனால் கடத்தாதீர்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை 1999இல் வெளியிட்ட ஆய்வில், எண் ஏறத் தொடங்கியவர்களுக்கு நோய் வேறிடங்களுக்குப் பரவ எடுத்த இடைநிலைக் காலம் எட்டு ஆண்டுகள். ஆளுக்காள் இது மாறும். கதிர்ச்சிகிச்சையோ எண் 0.5ஐத் தாண்டமுன் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். தேவையா என்று உடனே கேளுங்கள்.

4. கிளினிக்குக்குக் கூடப் போங்கள். எங்கள் ஆண்கள் "ஓம் டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். புற்றின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் எண் எத்தனை, விளிம்பு எப்படி, கதிரா, ஹோர்மோன் ஊசியா, இரண்டுமா என்று முதல்நாளே கொப்பியில் எழுதுங்கள். ரிப்போட்டுகளைத் திகதி வரிசையில் ஒரே கோவையில் வையுங்கள்.

5. தெல்லிப்பழை என்றதும் ஒடுங்காதீர்கள். 2011இல் தெவுந்தர முனையிலிருந்து பருத்தித்துறை வரை சனங்கள் நடந்து திரட்டிய காசில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அது. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்தார்கள். யாழ்ப்பாணம் போய் பஸ் மாறவேண்டும். விடியவே புறப்படுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

6. சிறுநீர் கசிவதை மனிதர் உங்களிடம்கூட மறைப்பார். நீங்களே பேச்செடுங்கள். சிறுநீரை அடக்கும் தசைக்கான பயிற்சியை இயன்மருத்துவரிடம் கற்று நாள்தோறும் செய்யச் சொல்லுங்கள். பலருக்கு ஓராண்டுக்குள் நன்றாகக் குறையும். நனைந்த சாரத்தைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் ஒரு சொல்லும் வேண்டாம்.

7. தாம்பத்தியத்தைப் பற்றியும் பேசுங்கள். நரம்பு தேறச் சிலருக்கு இரண்டாண்டும் ஆகும். சிலருக்கு முழுதாகத் திரும்பாது. மருந்து உண்டு, வைத்தியரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். ஒரே கட்டிலில் படுத்திருங்கள், கையைப் பிடித்திருங்கள். தான் இனி ஆணல்ல என்ற நினைப்புத்தான் அவரை அதிகம் வாட்டும்.

8. ஹோர்மோன் ஊசி தொடங்கினால் உடம்பு திடீரென்று கொதிக்கும், உடம்பு ஊதும், எரிச்சலும் சோர்வும் வரும். அது மருந்தின் வேலை, உங்கள்மேல் கோபமல்ல. பின்னேரங்களில் இருவருமாக நடவுங்கள்.

9. ஊர்வாயை வாசலில் நிறுத்துங்கள். "கான்சர் எண்டால் இனி என்ன" என்பவரையும், கனடாவிலிருந்து புதுக் கசாயம் சொல்பவரையும் நீங்களே சமாளியுங்கள். எந்தக் கசாயத்தையும் வைத்தியருக்குச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

10. உங்களையும் பாருங்கள். உங்கள் பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு அவருடையதை எண்ணிக்கொண்டிருந்தால் வீடு இரண்டு நோயாளியைச் சுமக்கும். சகோதரியோ மகளோ ஒருத்தியிடமாவது மனம்விட்டு அழுங்கள்.

எண் ஏறியது அவருடைய தவறல்ல, உங்களுடையதும் அல்ல. பிள்ளைகளே, அடுத்த கிளினிக் திகதியை இன்றைக்கே கலண்டரில் குறியுங்கள். அன்று அவரைத் தனியே அனுப்பாதீர்கள்.