குடற்பைச் சிகிச்சைக்குப் பின் எரிவும் உணவும்

கேள்வி: பெருங்குடலை அகற்றிக் குடற்பை அமைத்தவருக்கு ஆசனவாய்த் தோல் எரிவது ஏன்? எதை உண்ணலாம்?
– வாசகர், ஹெந்தளை

பதில்: லண்டன் சென் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸ், நிக்கல்ஸ் ஆகியோர் 1978இல் விவரித்த இச்சிகிச்சையில், சிறுகுடலின் கடைப்பகுதி மடித்துத் தைக்கப்பட்டு, மலத்தைத் தேக்கும் பையாக ஆசனவாயுடன் இணைக்கப்படுகிறது. நீரை உறிஞ்சப் பெருங்குடல் இல்லாமையால், பித்த உப்புகளும் உணவைச் சிதைக்கும் நொதிகளும் கலந்த இளகிய மலம் அடிக்கடி வெளியேறித் தோலை அரிக்கிறது. தேய்த்துத் துடைப்பது புண்ணைப் பெருக்குமாதலால், சவர்க்காரமின்றி இளஞ்சூட்டு நீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, நாக ஒட்சைட்டுக் களிம்பைப் புண் தோன்றுமுன்பே பூசுவது மேலானது. சோறும் வாழைப்பழமும் மலத்தை இறுக்கும். கொச்சிக்காயின் காரப்பொருள் முற்றாகச் செரிக்காமல் வந்து எரிப்பதால், சம்பலைத் தோல் ஆறும்வரை தவிர்ப்பதே நன்று. மலம் குறையுமென்று நீரருந்தாதிருப்பது ஆபத்தான பிழை; உடல் வறண்டால் ஜீவனிக் கரைசல் உதவும். காய்ச்சலோ குருதியோ திடீரெனப் பெருகும் போக்கோ பையின் அழற்சியைக் குறிக்கலாமாதலின், தாமதமின்றிச் சத்திரசிகிச்சைக் கிளினிக்கை நாட வேண்டும்.