புதுக் காருக்குப் பூஜை, பழைய காருக்குப் படிவம்

திண்டுக்கல்லில், மதுரை ரோட்டில் நம்மை ஓரங்கட்டிவிட்டு ‘விர்’ரென்று போகிற, உயரம் குறைந்த செடானைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. கையில் காசு சேர்ந்ததும் பழைய காரைத் தள்ளிவிட்டு அப்படி ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள். புதுக் காரின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் குடும்பமே கூடி உட்கார்ந்து பேசும். பழைய காரை ஒப்படைக்கும்போது மட்டும் நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்து விழும். பின்னாளில் வீடு தேடி நோட்டீஸ் வருவது இரண்டாவதால்தான்.

எடுத்துக்காட்டுக்கு பி.எம்.டபிள்யூ எம்340ஐ என்ற காரை வைத்துக்கொள்வோம். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அந்த நிறுவனத்தின் ஆலை 2007ல் தொடங்கியது. இந்தக் கார் 2021 முதல் அங்கேயே கோர்க்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி போதும் என்கிறது நிறுவனம். மெர்சிடிஸ், ஆடி என்று வேறு எதை எடுத்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஷோரூமுக்குப் போவதற்கு முன் டேப்பை எடுத்து வீட்டு கேட்டை அளந்துவிடுங்கள். இந்த ரகக் கார் சுமார் பதினைந்தரை அடி நீளம். பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்தால் அகலம் 7 அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதைவிட முக்கியம் வாசல் சரிவு. மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று ரோட்டிலிருந்து செங்குத்தாக ஏற்றிக் கட்டிய சரிவில் முன் பம்பரின் அடிப்பகுதி தினமும் உரசும். சரிவை நீட்டிக் கட்டக் கொத்தனாருக்கு ஆகும் செலவு, ஒரு பம்பரின் விலையில் சின்னப் பங்குதான்.

2. டெஸ்ட் டிரைவுக்கு நான்குவழிச் சாலை வேண்டாம். அங்கே எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். விற்பனைப் பையன் அங்கேதான் கூட்டிப்போவார், அது அவர் வேலை. காரை உங்கள் வீட்டுக்கு வரவழையுங்கள். வீட்டில் உள்ள ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு, நீங்கள் வாரம் தவறாமல் போகிற சாலையில் ஓட்டுங்கள்: நத்தம் ரோடோ, ஆத்தூர்ப் பக்கமோ, தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதையோ. ஒருவர் மட்டும் ஏறிப் போகும்போது தாண்டிவிடுகிற வேகத்தடை, ஐந்து பேர் பாரத்தில் அடிவயிற்றில் ‘கரக்’ என்று தட்டும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறாமல் ஒரு சக்கரம் முன்னால் ஏறும்படி சாய்வாக எடுத்தும் தட்டினால், அந்தச் சாலைக்கு இந்தக் கார் ஆகாது. சிறுமலை ஏறுகிற 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒருமுறை விட்டுப் பாருங்கள். அங்கே காரின் அருமையும் தெரியும், பின் ஸீட்டுக்காரர்களின் வயிறு தாங்குமா என்பதும் தெரியும். மூட்டுவலி உள்ள அம்மாவோ அப்பாவோ இருந்தால் அவர்களை உட்காரவைத்து, தானாக எழுந்திருக்கச் சொல்லுங்கள். தாழ்வான ஸீட்டிலிருந்து எழ முடியாமல் கதவைப் பிடித்துத் தொங்கினால் இன்னொரு முறை யோசியுங்கள்.

3. இப்படிப்பட்ட கார் வழியில் நின்றுவிட்டால் தெருமுனை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. சர்வீஸுக்குப் பெரும்பாலும் மதுரைக்கோ கோவைக்கோதான் போக வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை எழுதி வாங்குங்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற காரை முன்பக்கம் மட்டும் தூக்கி இழுத்துப் போகக் கூடாது. மொத்தக் காரையும் மேலே ஏற்றிக்கொள்ளும் வண்டிதான் வர வேண்டும்.

டயரையும் கேளுங்கள். இந்த நிறுவனத்தின் பல கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் தாங்குகிற ரன்ஃபிளாட் டயர் போட்டிருப்பார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை சுமார் 65 கிலோமீட்டர், ஆகவே போய்ச் சேர்ந்துவிடலாம். கொடைக்கானல் மலையில் ராத்திரி பஞ்சரானால் கணக்கு வேறு.

4. ‘ஆன்ரோடு எவ்வளவு’ என்று ஒரே எண்ணாகக் கேட்காதீர்கள், பிரித்துக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், தனியாக செஸ் கிடையாது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 2023 நவம்பர் முதல் 20 சதவீதம். 75 லட்ச ரூபாய்க் கார் என்றால் இந்த வரி மட்டும் சுமார் 15 லட்சம், அதாவது நல்ல நடுத்தரக் கார் ஒன்றின் விலை! 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை. உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

5. ‘பாண்டிச்சேரி நம்பர் போட்டால் வரி மிச்சம்’ என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பாண்டியில் குடியிருக்காமல் போலி முகவரி கொடுத்துப் பதிந்தது 2017ல் கேரளத்தில் பெரிய வழக்காகி, பிரபலங்கள் வரை இழுத்தது. வேற்று மாநிலப் பதிவுள்ள காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

6. ஆடியில் புக் செய்து ஆவணியில் எடுப்பது நல்ல வழக்கம். ஆடியில் ஷோரூம் காற்று வாங்கும், பேரம் படியும். மார்கழியில் அதையே செய்தால் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர்க் கடைசியில் தள்ளுபடி தாராளமாக இருக்கும். நாமோ தை பிறக்கட்டும் என்று காத்திருந்து ஜனவரி நடுவில் எடுப்போம். பதிவு புது வருடத்தில் இருந்தாலும் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். விற்கப் போகும்போது வாங்குகிறவர் பார்ப்பது அதைத்தான், ஒரு வயது கூடிய காராகத்தான் மதிப்பார். அந்த இழப்பைத் தள்ளுபடி ஈடுகட்டினால் எடுங்கள். ஜனவரியில் விலை ஏற்றுவது கார் நிறுவனங்களின் வழக்கம் என்பதால், புக்கிங் விலைக்கே தருவோம் என்றும் எழுதி வாங்குங்கள்.

7. பழைய கார் பேச்சையும் புதுக் கார் பேச்சையும் ஒரே நாளில் ஒரே மேஜையில் வைக்காதீர்கள். முதலில் எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லையே எடுக்காமல் புதுக் காரின் கடைசி விலையை வாங்கி வையுங்கள். பிறகு பழைய காரை ஆட்டோ கன்சல்டிங் கடைகள் இரண்டு மூன்றிலும், ஆன்லைனில் வாங்குகிற நிறுவனம் ஒன்றிலும் காட்டி விலை கேளுங்கள். அதற்கப்புறம்தான் ஷோரூம். வெளியே 9 லட்சம் போகிற கார் என்று வைத்துக்கொள்வோம். ஷோரூமில் 8 லட்சம் மதிப்பு, 1 லட்சம் எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பார்கள். சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். முன்னால் சொன்ன ரொக்கத் தள்ளுபடி அந்தக் காகிதத்தில் காணாமல் போயிருக்கும். மொத்தமாகக் கையை விட்டுப் போவது எவ்வளவு என்பது ஒன்றுதான் கணக்கு.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் பழைய காரின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் விற்பனை வரி போடுவார்கள். அங்கே இருக்கிற மைத்துனர் சொன்னார் என்று இங்கே கணக்குப் போடாதீர்கள். இங்கே முழு விலைக்கும் வரி உண்டு.

8. ‘செகண்ட் ஹேண்ட் காருக்கு இப்போ 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சார்’ என்று சொல்லி உங்கள் விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். 2025 ஜனவரி முதல் பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் அது வாங்கி விற்கிற வியாபாரி தன் லாபத்துக்குக் கட்டுவது, முழு விலைக்கு இல்லை. சொந்தக் காரை விற்கிற தனிநபருக்கு அந்த வரியே கிடையாது. மில் பேரிலோ கம்பெனி பேரிலோ கார் இருந்து, தேய்மானமும் எடுத்திருந்தால் கதை வேறு. தேய்மானம் போக மீதி மதிப்பைவிடக் கூடுதலாக விற்றால், அந்தக் கூடுதல் தொகைக்கு நீங்களே கட்ட வேண்டும்.

9. விற்பதற்கு முன் டிங்கரிங், பெயின்டிங் என்று செலவழிக்க வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்த கதவைக் கண்டால் வாங்க வருகிறவருக்குச் சந்தேகம்தான் கூடும். பட்டி பார்த்த இடத்தை மீட்டர் வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். நல்ல வாட்டர் வாஷ், உள்ளே சுத்தம், சர்வீஸ் பில்கள் வரிசையாக ஒரு ஃபைலில்: இவ்வளவு போதும்.

10. இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள். பூட்டுக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் திண்டுக்கல், ஒரு சாவியோடு போய் நின்றால் சிரிப்பார்கள்! விலையிலும் பிடிப்பார்கள்.

11. கார் கடன் முடிந்திருந்தால் மட்டும் போதாது. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியிருக்க வேண்டும். வங்கியின் தடையின்மைக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து நீக்குங்கள். நிலுவையில் இ-சலான் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

12. இனிதான் முக்கியமான குறிப்பு. காரை விற்றுப் பணம் வாங்கிவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். 2007ல் விற்கப்பட்டுப் பல கை மாறிய ஒரு கார் 2009ல் விபத்தில் சிக்கியது. பெயர் மாற்றம் நடக்கவே இல்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவில் பெயர் உள்ள முதல் ஆள்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். விற்றதைத் தெரிவிக்கிற படிவம் 29, பெயர் மாற்றத்துக்கான படிவம் 30 இரண்டிலும் வாங்குகிறவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

கன்சல்டிங் கடையிலோ ஷோரூமிலோ கொடுத்தால், அடுத்த ஆள் கிடைக்கிற வரை கார் உங்கள் பெயரிலேயே அங்கே நிற்கும். மாதக்கணக்கில் நிற்கலாம், யாராவது ஓட்டவும் ஓட்டலாம். இதற்காகவே 2023 ஏப்ரல் முதல் படிவம் 29சி என்று ஒன்று வந்திருக்கிறது. போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைத்ததை ஆன்லைனில் பதிந்துவிட்டால், அன்றிலிருந்து அந்தக் காருக்கு அவரே பொறுப்பு. ‘உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா?’ என்று முதலிலேயே கேளுங்கள். இல்லாத கடை என்றால் காரை எடுத்துக்கொண்ட தேதி, மணி, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் ஆதார் நகலும் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

13. சாவி கொடுக்கிற அன்றே பழைய ஃபாஸ்டேகை மூடச் சொல்லுங்கள். கொடைரோடு டோல்கேட்டை அந்தக் கார் தாண்டும்போதெல்லாம் உங்கள் போனுக்கு மெசேஜ் வந்தால், போவது உங்கள் பணம். வருடாந்திர பாஸ் எடுத்திருந்தால் அது அந்தக் காரோடு சரி, புதுக் காருக்கு மாற்ற முடியாது. பாஸ் தீரப்போகிற சமயம் பார்த்து விற்பது லாபம்.

14. இன்சூரன்ஸில் நீங்கள் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் காருக்கு இல்லை, உங்களுக்கு. 50 சதவீதம் வரை போகும். விற்றதற்கான சான்றோடு கேட்டால் கம்பெனி ஒரு கடிதம் தரும், 3 வருடம் செல்லும். விலை உயர்ந்த காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அது பெரிய தொகை. பெயர் மாறும் முன் பழைய பாலிசியை ரத்து செய்துவிடாதீர்கள்.

15. நேரில் விற்றால் பணத்தை வங்கி வழியே வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது.

16. டாஷ் கேமராவின் மெமரி கார்டு, புளூடூத்தில் ஏறிய போன் எண்கள், கார் நிறுவனச் செயலியில் உள்ள உங்கள் கணக்கு: மூன்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

17. புதுக் காரைக் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்திப் பூஜை போடும்போது சந்தனம், குங்குமத்தைப் பின் கேமரா மேலும் பம்பரில் உள்ள வட்டச் சென்சார்கள் மேலும் அப்ப வேண்டாம். காய்ந்துவிட்டால் ரிவர்ஸ் எடுக்கும்போது காரணமே இல்லாமல் ‘பீப் பீப்’ என்று கத்தும். போர் தண்ணீரில் கழுவினால் ஈரத்தை உடனே துணியால் ஒற்றி எடுங்கள். உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கறுப்புப் பெயின்டில் வெள்ளைப் புள்ளிகள் நின்றுவிடும்.

18. காரை விற்று ஒரு மாதம் ஆனதும் பரிவாகன் தளத்தில் பழைய நம்பரைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் நட்சத்திரக் குறிகளோடு பாதி மறைந்துதான் தெரியும், ஆனாலும் உங்கள் பெயரா இல்லையா என்று புரிந்துவிடும். இன்னும் உங்கள் பெயராகவே இருந்தால் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல், படிவம் 29 நகலையும் ஒப்படைப்புச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நேராக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். டிஎன் 57 என்றால் திண்டுக்கல், டிஎன் 94 என்றால் பழனி. கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.