வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை: சோடா விற்ற சிறுவன் ஐ.எம். விஜயன்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும்போது “நான் மதிக்கும் விளையாட்டு வீரர்” என்ற தலைப்பில் கட்டுரை எழுதிப் பார்க்காதவர் இல்லை. கொப்பிகளைத் திருத்தும்போது பத்தில் எட்டுப் பேர் முரளிதரனையே எழுதியிருப்பதைக் காண்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் எல்லோரும் 800 விக்கெட்டில் தொடங்கி 800 விக்கெட்டில் முடித்தால், வாசிப்பவர் எந்தக் கட்டுரையை நினைவில் வைப்பார்? உதைபந்தாட்டம் ஊறிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அந்த ஆட்டத்தில் இருந்தே ஒருவரைத் தெரிவுசெய்யலாம். நீங்கள் திரைப்படத்தில் பார்த்திருக்கக்கூடிய ஒரு முன்கள வீரரை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஐ.எம். விஜயன் 1969 ஏப்ரல் 25 இல் கேரளத்தின் திரிச்சூரில் பிறந்தார். குடும்பம் மிக வறியது. தந்தை விபத்தொன்றில் இறந்துவிடத் தாயின் உழைப்பிலேயே வீடு ஓடியது. திரிச்சூர் நகரசபை மைதானத்தில் போட்டிகள் நடக்கும் நாட்களில் சிறுவன் விஜயன் சோடாப் போத்தல்களை விற்றான். ஒரு போத்தலுக்குக் கிடைத்தது 10 சதம். இந்தியக் கணக்கில் பத்துப் பைசா. இந்த 10 சதத்தைக் கட்டுரையில் எழுத மறக்க வேண்டாம். “வறுமையில் வாடினார்” என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். 10 சதம் என்று எழுதுபவரின் கட்டுரையில்தான் அந்த வறுமை கண்ணுக்குத் தெரியும்.

போத்தல் விற்ற அதே மைதானத்தில் நடந்த பயிற்சிகளில் அவனது ஆட்டம் பயிற்றுநர்களின் கண்ணில் பட்டது. 17 வயதில் கேரளப் பொலிஸ் அணிக்குள் வந்தார். இது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. இந்தியாவில் பொலிஸ், புகையிரதப் பகுதி, வங்கிகள் போன்றவை தத்தமக்கென அணிகளை வைத்திருந்தன. நல்ல வீரனுக்கு அங்கே உத்தியோகமும் கிடைக்கும். “பந்து சோறு போடுமா?” என்று எங்கள் வீடுகளில் கேட்கும் கேள்வி அங்கும் கேட்கப்பட்டதுதான். விஜயனின் வீட்டிற்குப் பொலிஸ் அணி அதற்குப் பதில் சொன்னது. 1990 இல் திரிச்சூரிலேயே நடைபெற்ற பெடரேஷன் கிண்ணப் போட்டியில் கேரளப் பொலிஸ் அணி வெற்றி பெற்றபோது விஜயன் அந்த அணியில் ஆடினார். சோடா விற்ற ஊர் அவரைத் தோளில் தூக்கியது.

1991 இல் பொலிஸ் அணியை விட்டுக் கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்திற்குச் சென்றார். கல்கத்தாவை அறியாமல் இந்த முடிவின் பாரத்தை அறிய முடியாது. மோகன் பகான் 1889 இல் ஆரம்பிக்கப்பட்ட கழகம். 1911 இல் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய அதன் வீரர்கள் ஆங்கிலேயப் படையணி ஒன்றைத் தோற்கடித்துக் கேடயம் வென்றார்கள். அதன் பரம எதிரி ஈஸ்ட் பெங்கால். இவ்விரு கழகங்களும் 1997 இல் மோதிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அப்படிப்பட்ட ஊரின் இரசிகர்கள் மலையாளி ஒருவருக்கு “காலோ ஹரிண்”, அதாவது கறுப்பு மான், என்று பெயர் சூட்டினார்கள். பின்னர் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். பஞ்சாபின் ஜே.சி.ரி. அணியிலும் கொச்சின் கழகத்திலும் ஆடினார். 1996–97 இல் நடைபெற்ற முதலாவது தேசிய லீக்கை வென்ற ஜே.சி.ரி. அணியில் விஜயனும் சிக்கிமைச் சேர்ந்த பாய்ச்சுங் பூட்டியாவும் முன்களத்தில் இருந்தனர்.

இந்திய அணிக்காக அவர் ஆடிய ஆட்டங்களில் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1999 இல் காத்மண்டு தெற்காசிய விளையாட்டு விழாவில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12 ஆவது செக்கனில் கோல் போட்டார். 2003 இல் ஐதராபாத்தில் நடைபெற்ற ஆபிரிக்க–ஆசிய விளையாட்டு விழாவில் 34 வயதில் 4 கோல்கள் போட்டு முதலிடம் பெற்றார். இறுதியாட்டத்தில் உஸ்பெகிஸ்தானிடம் தோற்ற இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அத்துடன் சர்வதேச ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றார். அதே 2003 இல் அர்ஜுனா விருதும் கிடைத்தது. (1995 இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என வென்றது எங்கள் நாடு. இதையும் தெரிந்து வைத்திருங்கள். பொது அறிவுக்கு உதவும்.)

மைதானத்திற்கு வெளியே நடந்ததுதான் இக்கட்டுரைக்குச் சுவை சேர்ப்பது. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1998 இல், அவரைப் பற்றி “காலோ ஹரிண்” என்ற பெயரில் ஆவணப்படம் வந்தது. பின்னர் ஜயராஜ் இயக்கிய “சாந்தம்” என்ற மலையாளப் படத்தில் முக்கிய வேடத்தில் நடித்தார். அரசியல் கொலையையும் தாய்மாரின் துயரத்தையும் பேசும் அந்தப் படம் 2000 ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. தமிழில் திமிரு (2006), கொம்பன் (2015), பிகில் (2019) ஆகியவற்றில் அவரைப் பார்த்திருப்பீர்கள். பிகில் உதைபந்தாட்டத்தைப் பற்றிய படம். அதில் இந்தியாவின் மிகச் சிறந்த முன்கள வீரர்களுள் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டதோ ரவுடி வேடம்! சினிமா நிறத்தையும் உடம்பையும் பார்த்து வேடம் கொடுக்கிறது என்பது எமது எண்ணம். நீங்கள் வேறுவிதமாக நினைத்தால் காரணத்தோடு எழுதலாம்.

பின்னர் அவர் மீண்டும் கேரளப் பொலிசில் பணியாற்றினார். மலபார் சிறப்புப் பொலிசின் அதிகாரியாக 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒப்பிட்டு எழுத விரும்புபவர்களுக்குச் சில பெயர்கள்: மெக்சிக்கோவின் குவாட்டெமோக் பிளாங்கோ என்ற முன்கள வீரர் 2018 முதல் 2024 வரை மொரேலோஸ் மாநில ஆளுநராக இருந்தார். லைபீரியாவின் ஜோர்ஜ் வியா நாட்டின் சனாதிபதியாகவே வந்தார். மெக்சிக்கோவின் ஹூகோ சான்செஸ் ஆடிக்கொண்டே பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் படித்தவர். பின்னர் ஸ்பெயின் லீக்கில் 5 தடவைகள் அதிக கோல் போட்டவரானார். “விளையாடினால் படிக்க முடியாது” என்று சொல்பவர்களுக்குச் சான்செஸின் பெயரைச் சொல்லுங்கள். ஆனால் அவர் இரண்டையும் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்!

எழுதும் முறை பற்றி ஒரு சொல். பிறப்பு, கல்வி, விருது, முடிவு என்று படிக்கட்டுப் போல எழுத வேண்டாம். 10 சதத்தில் தொடங்கலாம். 12 ஆவது செக்கனில் தொடங்கலாம். கழகங்களின் பெயர்ப்பட்டியலை ஒரு வாக்கியத்தில் முடியுங்கள். பொலிஸ் அணியில் சேர்ந்த இடத்திலும் அதை விட்டுக் கல்கத்தா போன இடத்திலும் நின்று நிதானமாக எழுதுங்கள். அவர் வாழ்க்கை திரும்பிய இடங்கள் அவை. ஆண்டு நிச்சயமாகத் தெரியாவிட்டால் எழுத வேண்டாம். பிழையான ஆண்டைவிட ஆண்டில்லாத வாக்கியம் மேலானது.

பயிற்சி

1. கேரளப் பொலிஸ் அணியில் சேர்ந்தமை விஜயனின் வாழ்வை எவ்வாறு மாற்றியது? 5 வாக்கியங்களில் எழுதுக.

2. நிலையான அணியை விட்டுக் கல்கத்தா செல்லப்போவதாக 22 வயது மகன் தாய்க்கு எழுதும் கடிதத்தை அமைக்குக. (100 சொற்கள்)

3. உமது ஊர் விளையாட்டுக் கழகத்தின் மூத்த வீரர் ஒருவரைச் சந்தித்து, ஆட்டத்தை நிறுத்திய பின் அவர் என்ன தொழில் செய்தார் என்று கேட்டு, கிடைத்த விடயங்களைக் கொண்டு கட்டுரை ஒன்று எழுதுக. (200 சொற்கள்)