எழுத்தையும் தனியாகப் பாருங்கள்

வட்டார வள மையங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சிறப்புப் பயிற்றுநர்களான தம்பி தங்கச்சிகளுக்கு இதை எழுதுகிறேன். என் வேலைக்காலம் முழுக்க சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பள்ளிகளில்தான் போனது. ஆட்டிசம் என்று ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ வாசிக்கத் திணறும்போது உங்களைக் கூப்பிடுவார்கள். அப்போது எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே இங்கே விஷயம்.

1. "அவனுக்கு ஆட்டிசம் சார், அதான் படிப்பு ஏறல" என்பதோடு பேச்சை முடிக்க விடாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடும் சேர்ந்து இருக்கலாம். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்த இரண்டுக்குமே இடம் கிடையாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொன்னபோது ஆட்டிசத்தையும், டிஸ்லெக்சியா அடங்கிய கற்றல் குறைபாட்டையும் தனித்தனியாகவே சொன்னது. ஆனால் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அடுத்ததை யாரும் தேடுவதில்லை. தேட வேண்டியவர் நீங்கள்தான்.

2. முதலில் கண், காது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். இதை முடிக்காமல் மேலே போகாதீர்கள்.

3. வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேளுங்கள். நம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய. இப்போது அச்சகத்துக்கும் பட்டாசு ஆலைக்கும் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழே புதிதான பிள்ளை தடுமாறுவது வேறு கதை. எந்தக் காலம் என்பதையும் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் பெற்றோர் இருட்டின பிறகு வீடு திரும்புவார்கள், பிள்ளைக்குத் தூக்கமும் சாப்பாடும் முறை மாறும், ஆலைகளில் வெடித்துப் பார்க்கிற சத்தம் வேறு. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அந்த வாரத்தில் எந்தச் சோதனையும் வைக்காதீர்கள். மற்ற நாட்களில் காலை உணவு முடிந்ததும், அவனுக்குப் பழகின இடத்தில், கொஞ்ச நேரம் சோதித்தால் போதும்.

4. நம் ஊரில் எல்லோரும் ஏமாறுகிற இடம் பட்டாசு லேபிள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்பா ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தால் வேஸ்ட் தாள் வீட்டுக்கு வரும், நோட்டுக்கு அட்டையாகும். ஒரு பையன் அப்படிப்பட்ட அட்டைகளை விரித்து வைத்துக்கொண்டு புஸ்வாணம், சங்கு சக்கரம், லட்சுமி வெடி என்று ஒன்று விடாமல் சொல்வான். அவன் அம்மா, "பாருங்க டீச்சர், எல்லாம் வாசிக்கான், பள்ளிக்கூடத்துலதான் வாயே தொறக்க மாட்டேங்கான்" என்றார். அதே 'சக்கரம்' என்ற சொல்லை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதிக் காட்டினேன். பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், படத்தைத் தேடினான். பிறகு 'லட்சுமி வெடி' லேபிளில் எழுத்தை மட்டும் மாற்றி 'புஸ்வாணம்' என்று ஒட்டிக் கொடுத்தேன். கொஞ்சமும் தயங்காமல் "லட்சுமி வெடி" என்றான். நிறத்தையும் படத்தையும் எழுத்தின் வடிவத்தையும் சேர்த்து மொத்தமாக அடையாளம் வைத்திருந்தான்; எழுத்தை எழுத்தாக உடைக்கவில்லை.

பார்த்த உருவம் மறக்காத திறமை ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு உண்டு. அந்தத் திறமைதான் டிஸ்லெக்சியாவை இரண்டு மூன்று வருஷம் மறைத்து வைக்கும். பாடப்புத்தகத்தின் பக்கங்களையே மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையும் இப்படித்தான். வரியை நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், சொற்களை இடம் மாற்றி எழுதிக் கொடுங்கள், தெரிந்துவிடும்.

5. இல்லாத சொற்களை எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். 'பொகடி', 'நேசுகா', 'தமிலு' மாதிரி. மனப்பாடம் இங்கே உதவாது. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளை, "அப்படி ஒரு வார்த்தையே கிடையாது" என்று மறுத்துவிடுவான், அவன் சொல்வதும் நியாயம்தான். "புதுசா வர்ற வெடிக்குப் பேரு வெச்சிருக்காங்க, என்னன்னு பாத்துச் சொல்லு" என்று கேளுங்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் உடனே வருவார்கள்.

6. வாசிப்பதும் புரிந்துகொள்வதும் இரண்டு வேலை. ஒரு சின்னக் கதையை நீங்கள் சொல்லி, படங்களை வைத்துக் கேள்வி கேளுங்கள். இன்னொரு கதையை அவனையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதால் கேட்டது புரிகிறது, கண்ணால் வாசிக்க முடியவில்லை என்றால் டிஸ்லெக்சியாவைச் சந்தேகிக்கலாம். கடகடவென்று வாசிக்கிறான், ஒன்றும் புரியவில்லை என்றால் அது வேறு. 1967இல் அதற்கு ஹைப்பர்லெக்சியா என்று பெயர் வைத்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. முதல் பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் சொல்லிக்கொடுக்க வேண்டும், இரண்டாவது பிள்ளைக்குப் பொருள். இருவருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்தால் இருவருக்கும் பயனில்லை. இரண்டிலும் திணறுகிற பிள்ளையும் உண்டு. அவனுக்கு இரண்டையும் தொடங்க வேண்டியதுதான்.

7. டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துப் பிடிக்க அந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். மாடு, மாங்காய், கோழி படங்களை வைத்து எந்த இரண்டு ஒரே மாதிரி ஆரம்பிக்கிறது என்று கேட்பது வழக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்தக் கேள்வியே புரியாமல் போகலாம். மாட்டுக்கும் கோழிக்கும் கால் இருக்கிறதே என்று அவற்றைச் சேர்த்து வைப்பான். அதனால் கேட்காதீர்கள், செய்து காட்டுங்கள். இரண்டு டப்பா வையுங்கள், 'மா' ஒலியில் தொடங்கும் படங்களை ஒன்றிலும் 'கோ' ஒலியில் தொடங்குபவற்றை மற்றொன்றிலும் நாலைந்து முறை நீங்களே போடுங்கள், பிறகு அவன் கையில் கொடுங்கள். பேசாத பிள்ளைக்கும் இது ஒத்துவரும். வாய் திறக்காத பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று யாரும் எழுதி வைக்க இடம் கொடுக்காதீர்கள்.

8. தமிழுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. ல, ள, ழ குழப்பத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று பேசுகிற ஊர் இது, பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதும். நான் கவனிப்பது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் எழுத்துகளை. 'கொ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால், ஒலி நடுவில். திணறுகிற பிள்ளை அதைக் 'கெர' என்று வாசிக்கும். புள்ளியை விட்டுவிட்டுப் 'பட்டம்' என்பதைப் 'படடம்' என்று உடைக்கும். இரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில் இதெல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், 247 எழுத்தும் கைவசப்பட நாளாகும். மூன்றாம் வகுப்பிலும் போகாமல் நின்றால்தான் கவலை.

தமிழ் பெரும்பாலும் எழுதியபடி வாசிக்கிற மொழி. அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை நாளடைவில் சரியாகவே வாசித்துவிடும், ஆனால் ஒவ்வொரு எழுத்தாக, மூச்சு வாங்க. தவறுகளை மட்டும் எண்ணினால் இந்தப் பிள்ளை உங்கள் கணக்கில் வராது. கையில் கடிகாரம் வேண்டும்.

இன்னொன்று. 'தங்கம்' என்பதில் வரும் 'க'வையும் 'கதவு' என்பதில் வரும் 'க'வையும் ஒரே மாதிரி அழுத்தி வாசிக்கிற பிள்ளை டிஸ்லெக்சியாவால் அப்படிச் செய்கிறான் என்று நினைக்க வேண்டாம். ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி என்று நீங்கள் சொன்ன விதியை அவன் விடாமல் பிடித்திருக்கிறான்.

9. சேட்டை எப்போது வருகிறது என்று நேரம் போட்டு எழுதி வையுங்கள். படம் வரையும்போது அமைதி, கணக்கில் அமைதி, தமிழ்ப் புத்தகத்தைத் திறந்ததும் மேசைக்கு அடியில் போய் உட்காருகிறான் என்றால் அந்தப் புத்தகத்தில்தான் ஏதோ இருக்கிறது. எல்லா நேரத்திலும் அப்படியென்றால் மின்விசிறிச் சத்தம், வெயில், பக்கத்துப் பிள்ளையின் கை என்று வேறு காரணம் தேடுங்கள்.

10. சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். 2018இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை எட்டு வயதிலிருந்துதான் தரச் சொன்னது. அதற்கு முன்னால் நீங்கள் எழுதக்கூடியது 'சந்தேகம்' என்ற ஒரு சொல்தான், அதற்கு மேல் எழுத நமக்கு உரிமையில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்க எட்டு வயது ஆக வேண்டியதில்லை. மூன்று மாதம், தினமும் தனியாக, குறைந்த எழுத்துகள், ஒலியோடு சேர்த்து, ஒரே வரிசையில் நடத்துங்கள். மணலில் எழுதுவது நல்ல முறைதான், ஆனால் மணல் பட்டாலே உடம்பு கூசுகிற பிள்ளை உண்டு; அவனுக்குத் தண்ணீரில் நனைத்த தூரிகையும் சிலேட்டும் போதும். மூன்று மாதத்தில் மளமளவென்று ஏறினால் முன்பு சரியாகக் கற்பிக்கப்படவில்லை என்று பொருள். அவ்வளவு செய்தும் நகரவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. அந்தப் பதிவுதான் பிறகு மருத்துவரிடமும் உளவியலாளரிடமும் உங்களுக்காகப் பேசும். ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் இருக்கிறது, கற்றல் குறைபாட்டுக்கு நிம்ஹான்ஸ் தயாரித்த சோதனைத் தொகுப்பு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் முடித்ததாக எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் மொழிப்பாட விலக்கும் கிடைக்க இந்தத் தாள்கள் வேண்டும்.

11. அம்மா அப்பாவிடம் பள்ளி வாசலில் நின்று சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பீஸ் ரேட், ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் கூலி போச்சு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதில் தொடங்குங்கள். "அக்கா, தம்பிக்குப் பாக்குறது மறக்கவே மாட்டேங்குது. எழுத்துதான் அவனுக்குப் பிடிபடல, அதுக்கு வேற மாதிரி சொல்லித் தரணும்" என்று சொன்னால் போதும். மருந்தால் குணமாக்குகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போகாமல் தடுங்கள். கோயிலுக்குப் போவதை ஒன்றும் சொல்லாதீர்கள்.

12. இந்த மண்ணில் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று கேட்பீர்கள். 'படிப்பு ஏறல' என்ற ஒரு சொல் எத்தனையோ பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு டிஸ்லெக்சியா இருந்திருக்கும், யாரும் பார்த்ததில்லை. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர 14 வயதுக்கு உட்பட்டோருக்கு வேலை கூடாது, 18 வரை அபாயத் தொழில் கூடாது என்றானது. சட்டம் பிள்ளையை ஆலை வாசலில் தடுக்கும். வகுப்பில் எட்டு வருஷம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதை அது தடுக்காது. காமராஜர் பிறந்த மாவட்டத்தில் அந்த வேலை நம்முடையது.

13. கடைசியாக ஒரு நடைமுறை. நீங்கள் பார்த்ததையெல்லாம் ஒரே நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த எழுத்து, எவ்வளவு நேரம் எடுத்தான், எந்தப் பொருளைக் காட்டினால் வந்து உட்காருவான். ஜூன் மாதம் வகுப்பு மாறும்போது அடுத்த ஆசிரியரைப் பார்த்து, பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வருகிறவர் மறுபடியும் 'அ'விலிருந்து தொடங்குவார், பிள்ளைக்கு இன்னொரு வருஷம் போய்விடும்.