சூடா நின்ன கார் ஏன் திரும்பக் கிளம்ப மாட்டேங்குது?

மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் அதே ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி உருவானதுதான். அப்படி ஒண்ணைப் புதுசாக்கி, மே மாச மதியம் வில்லியனூர்லேருந்து உறுவையாறுக்கு ஓட்டிட்டு வர்றீங்கன்னு வைங்க. டீ குடிக்க நிறுத்திட்டு, பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா செல்ஃப் நல்லா சுத்தும், இன்ஜின் மட்டும் பிடிக்காது.

இதுதான் வேப்பர் லாக். இன்ஜின் நின்றதும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்னுடும். பிளாக்கின் சூடு, அதிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கு ஏறும். பம்ப் பின்னாடி இருக்கும் டேங்க்கிலிருந்து உறிஞ்சுவதால் லைனில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. குக்கருக்கு நேர் எதிர்: அழுத்தம் குறைஞ்சா கொதிநிலையும் குறையும். பெட்ரோல் ஆவியாகிடும். டயாஃப்ரம் அந்த ஆவியை அமுக்கி விடுமே தவிர, கார்புரேட்டருக்கு எதுவும் போகாது. இன்றைய கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருந்து சுமார் 3 பாரில் தள்ளுது, அதான் நமக்கு இந்தத் தொல்லை தெரியறதில்லை.

பெட்ரோலில் கொஞ்சம் எத்தனால் கலந்தாலே ஆவி அழுத்தம் கூடும். பழைய ரப்பர் ஹோஸும் அதில் கெட்டுப்போகும். லீக் ஆனா தீப்பிடிக்கும், முதல்ல அதை மாத்துங்க.

பழைய மெக்கானிக்குகள் பம்ப் மேல ஈரத்துணி போடுவாங்க. சிரிக்காதீங்க, ஆவி திரும்பத் திரவமாகிடும். பானட்டைத் திறந்து வச்சுக் காத்திருந்தாலும் சரியாகும்.

செல்ஃபே சுத்தலைன்னா கதை வேற. எர்த் ஒயர் மாட்டுற இடத்தைப் புதுப் பெயின்ட் மூடியிருக்கலாம். சுரண்டிட்டு மாட்டிப் பாருங்க.